ஆங்கிலத்தில் துயர ஒலியை எழுதுவது

ஆங்கிலத்தில் கதை எழுதிப் பழகும் நண்பர்களின் படிகளைப் பார்க்கும்போது, காற்றோ நாயோ ரயிலோ மாதா கோவில் மணியோ, எது ஒலித்தாலும் அதற்கு முன்னால் ‘மோர்ன்ஃபுல்’ என்ற அடைமொழி வந்து உட்கார்ந்துகொள்வதைக் காண்கிறேன். அந்த ஒலி சோகமானது என்று எழுதுபவரே தீர்ப்புச் சொல்லிவிட்டால், வாசகர் காது கொடுத்துக் கேட்க அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆர்தர் கோனன் டாயில் 1902-இல் நூலாக வெளியிட்ட ‘தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ நாவலில், இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கதைசொல்லியான வாட்சன் முதன்முதலாகக் கேட்கும் ஓலத்தை இதற்கு மாற்றாகக் காட்டலாம். ‘லாங், லோ மோன்’ (நீண்ட, தாழ்ந்த முனகல்) என்று அது தொடங்குகிறது. வெளியெங்கும் நிறைந்தாலும் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத அந்த ஒலி, மங்கிய முணுமுணுப்பிலிருந்து ஆழ்ந்த முழக்கமாக ஏறி, துடிக்கும் முணுமுணுப்பாக மறுபடியும் அடங்குகிறது. இடையில் ‘இன்டிஸ்க்ரைபப்ளி சேட்’ என்றும் ஒரு தொடர் வருகிறது. விவரிக்க இயலாத சோகம் என்று சொன்ன கையோடு இவ்வளவு நன்றாக விவரித்துவிடுகிறவரை என்னவென்பது! அத்தொடரை நீக்கினாலும் பத்திக்கு ஒரு குறையும் வராது. ஒலியின் நீளமும் தணிவும் ஏற்ற இறக்கமும் திசை தெரியாத தன்மையுமே துயரத்தைச் சுமக்கின்றன. போதாததற்கு, ‘லோ’, ‘மோன்’ என்னும் சொற்களின் ஓகாரத்தை வாய்விட்டுச் சொன்னால் குரலும் தானாக நீண்டு தாழ்கிறது. ‘டோல்’ (சாவு மணியோசை), ‘க்ரோன்’ (வேதனை முனகல்), ‘ட்ரோன்’ (ஓயாத ரீங்காரம்) ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

அடைமொழியே கூடாது என்பதல்ல. ஜான் கீட்ஸ் 1819 செப்டம்பரில் வின்செஸ்டரில் எழுதிய இலையுதிர்காலக் கவிதையில், ஆற்றோர வில்லோ மரங்களிடையே சின்னஞ்சிறு பூச்சிகள் ‘வெயில்ஃபுல் கொயர்’ (புலம்பும் பாடகர் குழு) ஆகக் கூடி அழுகின்றன. அந்த அடைமொழி பொருந்துவதற்குக் காரணம், இளங்காற்று எழும்போது கூட்டம் மேலே போவதையும் காற்று ஓயும்போது கீழே இறங்குவதையும் அவர் உடனே காட்டிவிடுவதுதான்.

‘கீனிங்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகவே செலவிட வேண்டும். அயர்லாந்தில் இறந்தவரின் உடலருகே பெண்கள் பாடி அழுத ஒப்பாரி மரபிலிருந்து வந்த சொல் அது. கதவிடுக்கில் நுழையும் ஒவ்வொரு காற்றுக்கும் அதைக் கொடுத்தால், சாவு வீட்டில் எழுதுவதற்குச் சொல் இருக்காது.

கடலோரக் கதைகளில் வரும் மூடுபனிச் சங்குக்கு ‘லோன்லி’ (தனிமையான) என்பது தேய்ந்துபோன அடை. கப்பல்காரர்கள் இன்ன இடத்துச் சங்கு என்று அடையாளம் காண்பதற்காக அது குறித்த இடைவெளி விட்டே ஊதப்படுகிறது. ஒரு முறை ஊதி நின்றதும் சாப்பாட்டு மேசையில் இருப்பவர்களின் பேச்சு அறுபட்டு, அடுத்த ஊதல் வந்த பிறகே தொடர்கிறது என்று எழுதிப் பாருங்கள், ‘லோன்லி’ தேவைப்படாது.