தீயணைப்பு வண்டியில் ஒரு சக்கரம்

ஜெர்மனியில், மைன்ஸ் நகருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். எதிரே ஒரு பெரியவர் ஊர்த் தீயணைப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கதவில் ஊரின் சின்னம். சிவப்புப் பின்னணியில் வெள்ளைச் சக்கரம். ஆரங்களை எண்ணினேன், ஆறு.

"மாட்டு வண்டிச் சக்கரமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பேராயருடையதாம்.

இந்த வட்டாரம் நூற்றாண்டுக் கணக்கில் மைன்ஸ் பேராயர்களின் ஆட்சியில் இருந்தது. எங்கோ கிழக்கே இருக்கும் எர்ஃபுர்ட் நகரின் சின்னத்திலும் இதே சக்கரம்தான். அந்த ஆட்சி 1803இல் முடிந்துபோனது. சக்கரம் மட்டும் போகவில்லை.

சக்கரம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 975இல் பேராயரான வில்லிகிஸ், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சரின் மகன் என்பார்கள். பொறாமைக்காரர்கள் இரவோடு இரவாக அவர் வீட்டுச் சுவரெங்கும் சுண்ணக்கட்டியால் சக்கரம் வரைந்து வைத்தார்களாம். அவர் அழிக்கச் சொல்லவில்லை. ஓவியரை அழைத்து, தம் அறைகளிலேயே சிவப்பில் வெள்ளையாகச் சக்கரம் தீட்டச் சொன்னாராம்.

உண்மையாக இருக்காது. அவர் இறந்தது 1011இல். இத்தகைய சின்னங்கள் ஐரோப்பாவில் பரவியதே 12ஆம் நூற்றாண்டில்தான். கதையைப் பிற்பாடு யாரோ கட்டியிருக்க வேண்டும். எனக்கென்னவோ அந்த யாரோவை மிகவும் பிடித்துப்போனது. தச்சு வேலை தெரிந்த கையாகத்தான் இருந்திருக்கும்.

பஸ் வந்துவிட்டது. பெரியவர் சக்கரத்தை மட்டும் இரண்டாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.