வண்ணக் கண்ணாடிக்குள் வேலை

அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனிக்கிற வேலை என்றால், ஓரமாக நின்று "தொடாதீர்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்வதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் ஆரோஸ் கலை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளங்களில் நான் செய்வதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் கூரையில் வேலை விழுகிற நாட்களில் காவல் காக்க அங்கே ஒரு பொருளும் கிடையாது. சுற்றிவர 150 மீற்றர், அகலம் 3 மீற்றர், இரண்டு பக்கமும் வானவில்லின் அத்தனை நிறத்திலும் கண்ணாடி வைத்த ஒரு வட்டப் பாதை, அதற்குள் நடக்கிற சனங்கள், வெளியே ஊர், அவ்வளவுதான். 2011இல் திறந்த இந்தப் படைப்பின் பெயர் 'யுவர் ரெயின்போ பனோரமா', செய்தவர் ஓலாஃபுர் எலியாசன்.

எலியாசன் 1967இல் கொப்பன்ஹேகனில் பிறந்தவர், பெற்றோர் ஐஸ்லாந்துக்காரர். சிறு வயதில் ஐஸ்லாந்திலும் நிறைய நாட்கள் இருந்திருக்கிறார், அந்த ஊர் வெளிச்சமும் மூடுபனியும் பனிப்பாறையும் இவருடைய வேலையில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1989 முதல் 1995 வரை டென்மார்க்கின் அரச நுண்கலைக் கழகத்தில் படித்துவிட்டு பெர்லினில் பட்டறை போட்டார். பதின்ம வயதில் பிரேக் டான்ஸ் ஆடியவர் என்பதை ஒரு துணுக்குச் செய்தி மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. உடம்பால் இடத்தை அளந்து பழகிய ஆளுக்குத்தான், நடந்தால் மட்டுமே புரிகிற ஒன்றைச் செய்யத் தோன்றும்.

ஒருமுறை ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. அவர்களோடு வந்த வயதான அம்மா பாதையில் பாதித் தூரம் வந்து என்னிடம் கேட்டார். "தம்பி, இங்க படங்கள் ஒண்டும் மாட்டேல்லையே?"

"நீங்கள் நடந்து வாறதுதான் அன்ரி படம். இந்தச் சிவப்புக்குள்ள கொஞ்சம் நிண்டு பாருங்கோ."

நின்றார். கொஞ்ச நேரத்தில், "முதல் இருந்த சிவப்பு இப்ப இல்லை, வெளிறிப் போச்சு" என்றார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே கண்டுபிடித்தார். ஒரே நிறத்துக்குள் நிற்கும்போது அந்த நிறத்தை வாங்கும் கண்ணின் செல்கள் சோர்ந்துபோகின்றன, நிறம் மங்குகிறது, அப்புறம் வெளியே போய் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அதில் பச்சை கலந்த நீலம் தெரியும். அந்த நீலம் சுவரிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை, பார்க்கிறவரின் கண் உண்டாக்கியது. நாள் முழுக்க அங்கே நிற்கிற எங்களுக்கு இது பாடமாகிவிட்டது, இருந்தாலும் ஒவ்வொருவராகக் கண்டுபிடிப்பதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

எலியாசனிடம் எனக்கு மிகவும் பிடித்தது, வித்தையை ஒளிக்காமல் வைப்பது. 2003 அக்டோபரில் லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் மண்டபத்தில் ஒரு பெரிய சூரியனை வைத்தார், 'தி வெதர் ப்ராஜெக்ட்' என்று பெயர். உண்மையில் அங்கே இருந்தது அரை வட்டம்தான், மேல்கூரை முழுக்க ஒட்டிய, உருவம் காட்டுகிற கண்ணாடித்தாள் மற்ற அரையைக் காட்டியது. மஞ்சளைத் தவிர வேறு நிறமே தெரியவிடாத ஒற்றை அலைநீள விளக்குகள், மண்டபத்தை நிறைக்கிற புகை. சனங்கள் தரையில் படுத்து மேலே தெரிந்த தங்கள் உருவத்துக்குக் கையசைத்தார்கள். 20 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்த அந்தச் சூரியனுக்குப் பின்னால் யாரும் போய் விளக்குகளையும் வயர்களையும் பார்க்கலாம், மறைப்பு எதுவும் கிடையாது. எப்படிச் செய்தது என்று தெரிந்த பிறகும் அது சூரியனாகத்தான் இருந்தது.

பெர்லின் பட்டறையிலும் அவர் தனியாள் இல்லை. கைவினைஞர், கட்டடக் கலைஞர், ஆய்வாளர், சமையல்காரர் என்று பெரிய கூட்டமே வேலை செய்கிறது, மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 'அப்போ அவர் என்னதான் செய்கிறார்' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. கூரையில் கண்ணாடி துடைக்கிறவர் ஒரு நாள் வராவிட்டால் உள்ளே கைரேகைகளும் மூக்கு அழுத்திய தடங்களும், வெளியே மழைக்கறையும் சேர்ந்து துறைமுகப் பக்கமே மங்கிவிடும். நிறம் சரியாக ஊருக்குள் விழ வேண்டுமென்றால் அந்த ஆளும் வேண்டும், விளக்குப் பார்க்கிறவரும் வேண்டும், முட்டாமல் சனங்களை நகர்த்துகிற நாங்களும் வேண்டும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துச் செய்த படைப்பாகத்தான் எனக்குத் தெரிகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு ஒரே மாதிரி உடன்பாடு என்று சொல்லமாட்டேன். 2014இல் நிலவியலாளர் மினிக் ரோசிங்கோடு சேர்ந்து கிரீன்லாந்துக் கடலில் மிதந்த பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து கொப்பன்ஹேகன் நகரமன்றச் சதுக்கத்தில் கடிகாரம் போல 12 துண்டுகளாக வைத்து உருகவிட்டார். 2015இல் பாரிஸில், காலநிலை மாநாட்டின்போது, மறுபடியும். அவ்வளவு தூரம் ஏற்றிவர எரித்த எண்ணெய்க்கு என்ன பதில் என்ற கேள்வி நியாயமானது, எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் பனிப்பாறை உருகுவதை வரைபடத்தில் பார்த்த ஒருவர் அந்தப் பனிக்கட்டியில் கன்னத்தை வைத்துக் குளிரை உணர்ந்தால் அது வேறு விதமாகத்தான் மனதில் இறங்கும். கூரையில் தினமும் சனங்களைப் பார்க்கிற எனக்கு அதை மறுக்க முடியவில்லை.

சரி, இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் ஏறிப் பாருங்கள். வெயில் நாளில் நிறங்கள் தரையில் விழும், அது ஒரு அழகு. டிசம்பரில் மூன்றரை மணி தாண்டினால் இருட்டத் தொடங்கிவிடும், அப்போது உள்ளே விளக்கு எரிய, கீழே தெருவில் நின்று பார்ப்பவர்களுக்குத்தான் அழகு அதிகம். எப்போது வந்தாலும் ஒரு சுற்று முடித்ததும் லிஃப்டைத் தேடாதீர்கள், எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை நடந்து வாருங்கள். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வருபவர் பார்க்கிற மஞ்சளும், செம்மஞ்சளிலிருந்து வருபவர் பார்க்கிற மஞ்சளும் ஒன்றாக இருக்காது.