தவணைத் தேதி 14

2025 ஏப்ரல் 7, திங்கள்

இன்று திருவாரூரில் ஆழித்தேர். தெருவில் பாதிப் பேர் விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்கள். நாங்கள் போகவில்லை. அம்மா தலைவலி என்றாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, தேர் பார்க்கக் காசும் வேண்டாம். அதே பஸ்ஸில் அம்மாவின் கடன் குழு சென்டர் லீடர் அத்தையும் போகிறார், அதுதான் தலைவலி. ஒரு மாதமாக அம்மா அவர் வீட்டு வழியாகப் போவதையே விட்டுவிட்டு, குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறாள்.

பிளஸ் ஒன் பரீட்சை மார்ச் 27-இல் முடிந்தது. அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். எல்லாம் காதில் விழுகிறது. பெரியப்பா எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான். அதில் ஒரு வசதி, என்னை வைத்துக்கொண்டே எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தவணைத் தேதி 14. நேற்று சித்திரை ஒன்று, லீவு, அதனால் லோன்காரர் இன்று வந்தார். காலையில் தவணை கட்டக் குழு கூடும் சென்டருக்கு அம்மா போகவில்லை. உரிமைத் தொகை ஆயிரம் இன்றுதான் பேங்கில் ஏறியது. கட்ட வேண்டியது 3,170.

சாயங்காலம் வேலியோரம் பைக்கை நிறுத்திவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு டேப்பில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். கத்தவில்லை. “நீங்க கட்டுற வரைக்கும் நான் எந்திரிக்க முடியாதுக்கா” என்றார், அவ்வளவுதான். அப்பாயி அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தது.

ஏழு மணிக்குக் குழுப் பெண்கள் வந்தார்கள். அவரைவிட எனக்கு இவர்களைப் பார்த்துத்தான் கை நடுங்கியது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும், குழுக் கடனின் கணக்கே அதுதான். கஜா புயலில் எங்கள் கூரை போனபோது எங்களைத் தன் வீட்டில் படுக்க வைத்த முருங்கை மரத்து வீட்டு அக்கா, வாசலில் நின்று, “நான் மூணு வீட்டுல பாத்திரம் கழுவிக் கட்டுறேன், நீ மட்டும் உள்ள உட்கார்ந்துக்குவியா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே அழுதார்.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். திருப்பூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர், முழங்கால் வலியோடு பொங்கலுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். ஷீட் போட வாங்கிய பழைய லோன் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அது போன வருடமே முடிந்துவிட்டது. “எந்த லோனு?” என்றார். லீடர் அத்தை, “உங்க கொழுந்தியாவுக்குன்னு அக்கா எடுத்துக் கொடுத்ததுதான், அறுபதாயிரம்” என்றார்.

சித்திக்கு ஏற்கெனவே மூன்று கடன் ஓடுகிறதாம், நான்காவது யாரும் தர மாட்டார்கள் என்று அம்மா பெயரில் எடுத்திருக்கிறார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எட்டரைக்கு லோன்காரர் எழுந்தார்.

ஏப்ரல் 16

அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரத்தநாடு பக்கம் ஆயா வீட்டுக்குப் போய்விட்டாள். “அப்பாவுக்கும் அப்பாயிக்கும் பொங்கிப் போடு” என்றாள். நீயும் வருகிறாயா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அரிசி டிரம்முக்கு அடியில் லோன் கார்டு கிடைத்தது. 60,000 ரூபாய், 24 மாதம், வட்டி 24 சதவீதம். பெருக்கிப் பார்த்தேன்: 3,170 பெருக்கல் 24, 76,080. ஒன்பது தவணைக்குக் கையெழுத்து இருக்கிறது, பத்தாவது காலி. இன்னும் 47,550.

அதைவிட வேறொரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ‘குடும்ப மாத வருமானம்: 18,000.’ எங்கள் வீட்டில் எந்த மாதம் பதினெட்டாயிரம் வந்தது? அப்பா திருப்பூரில் இருந்தபோதுகூட அவர் சாப்பாடு, வாடகை போகப் பாதிதான் வரும். இந்த எண்ணை யார் எழுதினார்கள்? அம்மாவின் எழுத்து இல்லை.

அப்பா தூங்கியதும் அவர் போனை எடுத்துத் தேடினேன். நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. ஒரு குடும்பம் கட்டுகிற எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பணம் வாங்கும் இடத்தை இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்ய வேண்டும். வசூலுக்காகக் காலை 9-க்கு முன்னாலும் மாலை 6-க்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. கணக்குப்பதிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். பதினெட்டாயிரம் எப்படி வந்தது என்பதும் இப்போது கொஞ்சம் புரிகிறது.

ஏப்ரல் 30

டீக்கடைப் பேப்பரில் போட்டிருந்தது. கடன் வசூலில் மிரட்டினால் ஜெயில் என்று நேற்றுச் சட்டசபையில் மசோதா நிறைவேறியிருக்கிறது. ஆளுநர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். பால் வாங்கப் போன சாக்கில் நின்றுகொண்டே படித்தேன். கடைக்காரர், “என்ன பாப்பா, தங்கம் விலையா பாக்குற?” என்றார்.

மே 1, வியாழன்

கிராம சபை. எங்கள் பக்கம் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டதால் தலைவர் இல்லை, தனி அலுவலர் ஆட்சிதான். பந்தலில் அதிகாரிகள் ஒரு பக்கம், நூறு நாள் வேலைப் பெண்கள் ஒரு பக்கம். நவம்பர் கடைசியிலிருந்து கூலி ஏறவில்லை. நாளுக்கு 319 ரூபாயாக இருந்தது ஏப்ரலிலிருந்து 336 ஆகிவிட்டதாம். பழையதே வரவில்லை, இதில் உயர்வு வேறு.

அப்பாயியிடமும் ஜாப் கார்டு இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி அது தெருப் பெண்களை அழைத்து வந்து, “என் பேத்தி எழுதுவா” என்று சொல்லிவிட்டது. மனு எழுதினேன். எழுதியவளே படிக்கட்டும் என்று மைக்கையும் என்னிடம் நீட்டிவிட்டார்கள். படித்தேன். முதல் பத்தி முடியும் வரை மைக் ஆன் ஆகவில்லை, யாரோ சொன்ன பிறகு மறுபடி முதலிலிருந்து. செயலாளர், “டெல்லியில இருந்து வரணும்மா, வந்ததும் ஏறிடும்” என்றார். தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது முருங்கை மரத்து வீட்டு அக்கா பக்கத்தில் நடந்து வந்தார். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மே 6

கத்திரி வெயில். ராத்திரியும் காற்றில்லை. அப்பா பத்து வார்த்தை பேசினால் அதிகம். ரசம் நன்றாக இருந்தது என்றார், அது மூன்று வார்த்தை.

மே 14, புதன்

இரண்டாவது தவணையும் தவறியது. அவர் ஐந்தரைக்கு வந்தார். அப்பா, அவர் பைக் சத்தம் கேட்டதும் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அப்பாயி கோயிலுக்குப் போயிருந்தது. நான்தான்.

அவர் வழக்கம்போல உட்கார்ந்தார். நான் நிலைப்படியில் நின்றேன். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறே கால் ஆனதும் நோட்டை எடுத்து வந்தேன்.

“சார், மணி ஆறு தாண்டிடுச்சு. ஆறுக்கு மேல வசூலுக்கு உட்காரக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “ரெண்டு தடவை சென்டருக்கு வரலைன்னா வீட்டுக்கு வரலாம்னும் அதே விதியில இருக்கும்மா. அதைப் படிச்சியா?”

“படிச்சேன் சார். இன்னிக்கோட ரெண்டு. அதனாலதான் அஞ்சரைக்கு வந்தப்ப நான் எதுவும் சொல்லலை.”

கொஞ்ச நேரம் டேப்பைத் தடவிக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். நான் லோன் கார்டில் பதினெட்டாயிரம் என்று இருப்பதைக் காட்டி, இதை யார் எழுதினது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. “நான் எம்.காம். படிச்சிட்டு இதைப் பண்றேன். இன்னிக்குக் கலெக்‌ஷன் கம்மின்னா ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் எனக்குப் போன் பண்ணுவாரு. அதுக்கு எந்த விதியும் இல்ல” என்றார். சாவியை எடுத்தார். போகும்போது, கட்ட முடிந்த அளவு கட்டச் சொன்னார், மீதிக்கு மேலே எழுதிக் கேட்கலாமாம். கார்டுக்குப் பின்னால் புகார் எண் இருப்பதையும் அவரேதான் காட்டினார்.

அவர் போன பிறகு கால் வலித்தது. இதே விஷயத்தை அம்மா தன் வாயால் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாரா? போன மாதம் அம்மா எத்தனை முறை கெஞ்சினாள். நான் சொன்னதற்கு அவர் எழுந்திருக்கவில்லை. நோட்டில் இருந்ததற்கு எழுந்தார். இதில் எனக்குச் சந்தோஷமா எரிச்சலா என்று தெரியவில்லை. எரிச்சல் கொஞ்சம் அதிகம்.

கொல்லையிலிருந்து வந்த அப்பா, “போயிட்டானா?” என்றார்.

மே 16

இரண்டு மணிக்கு ரிசல்ட். 600-க்கு 491, கணக்குப்பதிவியலில் 92. அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுத்தது தம்பி. “உனக்கு 491-ஆ? எனக்கு இங்க மாம்பழம்” என்றான்.

மே 18, ஞாயிறு

பெரியப்பா வந்தார். பஞ்சாயத்து. அவர் பாயில், அப்பா சுவரோரம், அப்பாயி அடுப்படியில், நான் கதவுக்குப் பின்னால். பெரியப்பாவிடம் திட்டம் தயார். நான் ஒரு வருடம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். ஹாஸ்டல் இருக்கிறது, பிடித்தம் போகக் கையில் வரும், கடன் அடைந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பைப் பிரைவேட்டாக எழுதிக்கொள்ளலாம். தனக்குத் தெரிந்த சூப்பர்வைசரிடம் பேசியே விட்டாராம். அப்பா தலையை ஆட்டினார். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, அப்பாவின் தலையாட்டலில் அது தெரியாது.

இதற்கு என் நோட்டில் எந்தப் பக்கமும் இல்லை.

“நான் போகலை பெரியப்பா” என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னதால் யார் பேசியது என்று அவர் சுற்றிலும் பார்த்தார். வெளியே வந்தேன். பன்னிரண்டாவதை அரசுப் பள்ளியிலேயே முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும், இப்போது நின்றால் அதுவும் போய்விடும் என்றேன். கடன் வாங்கியது சித்தி, அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு எதற்கு வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேட்டேன். குரல் கீச்சென்று போனது, நடுவில் இருமல் வேறு.

“பொட்டப்புள்ள பேசுற பேச்சாடா இது?” இது அப்பாவைப் பார்த்து.

அப்பா பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். அப்பாயிதான் இட்லித் தட்டோடு வந்தது. “ஆறிப்போவுது, தின்னுட்டுக் கத்துங்க.” பெரியப்பா நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டு, “சூப்பர்வைசருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றார். இதைப் பெரியப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே. அதையும் கேட்டுவிட்டேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மே 22

அப்பாயியோடு பருத்தி எடுக்கப் போகிறேன். முதல் எடுப்பு. காய் ஓட்டின் முனை நகக்கண்ணில் குத்திக்கொண்டே இருக்கிறது. கிலோ கணக்கில்தான் கூலி. அப்பாயி எடுப்பதில் பாதிகூட என்னால் முடியவில்லை.

மே 25, ஞாயிறு

நேற்றே கேரளாவில் மழைக்காலம் ஆரம்பித்துவிட்டதாம், இந்த வருடம் சீக்கிரம். இங்கும் தூறல், பருத்தி நனைந்தால் எடுக்க முடியாது. பஸ் ஏறி ஆயா வீட்டுக்குப் போனேன்.

லோன்காரரிடமும் பெரியப்பாவிடமும் பேசியதை அம்மாவிடம் பேச முடியவில்லை. இரண்டு மணி நேரம் முருங்கைக்கீரை ஆய்ந்தோம். அப்புறம் கேட்டேன், அப்பாவிடம் சொல்லாமல் ஏன் எடுத்தாய் என்று. “சொன்னா எடுக்க விடமாட்டாரு” என்றாள். அது எனக்கும் தெரியும். “ஏன் எடுத்தே?”

தம்பி குறைமாதத்தில் பிறந்தானாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தபோது சித்தி தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்திருக்கிறார். சங்கிலி மீளவே இல்லை. அப்பாவுக்கு அதுவும் தெரியாது, ஆயா கொடுத்த பணம் என்று சொல்லியிருக்கிறாள். “அவ வந்து கேட்டா நான் எப்படி இல்லேங்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. ஆனால் என்னைத் தனியாக விட்டுவிட்டு வந்தது தப்பு என்று சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் திரும்பக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அம்மா கீரைக் காம்புகளை அள்ளி முறத்தில் போட்டாள். “நீ சமாளிப்பேன்னு தெரியும்” என்றாள். சமாளித்தேன்தான், அதற்காக? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மே 29

அம்மா வந்துவிட்டாள். நூறு நாள் கூலிப் பாக்கியில் ஒரு பகுதி ஏறியிருந்தது. அதில் ஒரு தவணை கட்டியாயிற்று, குழுப் பெண்கள் போட்ட பணத்தையும் திருப்பிக் கொடுத்தாள். முருங்கை மரத்து வீட்டு அக்கா வாங்கிக்கொண்டு ஒரு கட்டுக் கீரை கொடுத்தார். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சித்தி ஒன்றாம் தேதியிலிருந்து மாதம் 1,500 தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். சங்கிலி விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம். சீருடை துவைத்துப் போட்டேன், மழை வந்து மறுபடி நனைந்தது.

வந்து மூன்று நாளாக அம்மாவும் அப்பாவும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள். “உங்கப்பாவுக்குச் சோறு போடவான்னு கேளு.” “உங்கம்மாகிட்ட மாத்திரை எங்கன்னு கேளு.” ஒரே ரூம், இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடி. இன்று ராத்திரி அப்பா, “சித்தி பணம் போட்டாளான்னு உங்கம்மாகிட்ட கேளு” என்றார்.

“நீங்களே கேளுங்கப்பா. நான் இனிமே யாருக்கும் யாருகிட்டயும் கேட்க மாட்டேன்.”

தம்பி வாயில் சோற்றோடு அப்படியே நின்றுவிட்டான். அப்பா தொண்டையைச் செருமினார். “பணம் போட்டாளா?” என்று நேராகவே கேட்டார். “போடலை” என்று அம்மாவும் நேராகவே சொன்னாள். அப்புறம் பிடித்தது சண்டை. சங்கிலி, கண்ணாடிப் பெட்டி, திருப்பூர், முழங்கால் எல்லாம் வரிசையாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. அப்பாயி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கிறது.