மணற்கல் நுண்துளைமை வினா: 12க்கு 12 சரி என்று எழுதிவிடாதீர்கள்

மட்டக்களப்பிலிருந்து பேராதனைக்குப் புவிச்சரிதவியல் படிக்கப் போகும் தம்பி, தங்கச்சிமார் பலர் பெற்றோலியப் பாடத்தில் திணறுவது ஒரு மணற்கல் வினாவில்தான்: மணற்கல்லின் நுண்துளைமையை, அதாவது அதன் கன அளவில் வெற்றிடத்தின் பங்கை, மணல் படிந்த விதமும் புதைந்த பின் நடந்தவையும் எப்படித் தீர்மானிக்கின்றன? வியப்பில்லை. நம் காலடியில் இருப்பது விஜயன் தொகுதியின் பழைய உருமாறிய பாறை. மணற்கல்லை நாம் எங்கே கண்டோம்? ஆனால் கல்லாவதற்கு முந்திய மணல் வேண்டிய மட்டும் இருக்கிறது. லீவுக்கு வரும்போது அதை வைத்துப் படியுங்கள்.

கல்லடிக் கடற்கரையில் அலை அலசிய மணலைக் காயவைத்து, அளவுப் பாத்திரத்தில் 500 மில்லிலீற்றர் வரை நிரப்புங்கள். மணலின் மேல்மட்டம் நனையும்வரை தண்ணீரை அளந்து விடுங்கள். 200க்குக் கிட்டப் பிடிக்கும்; நுண்துளைமை ஏறக்குறைய 40 சதவீதம். அப்புறம் வாவியோரத்து வண்டலைக் காயவைத்துப் பொடித்து அதே மணலில் கலந்து செய்து பாருங்கள், தண்ணீர் குறைவாகவே போகும். பெரிய மணிகளின் இடைவெளியில் சின்ன மணிகள் போய் உட்கார்ந்துவிடும். வினாவில் படிவு பற்றிய பகுதிக்கு இதுதான் விடையின் உயிர்: மணி பெரிதா சிறிதா என்பதைவிட எல்லாம் ஒரே பருமனா என்பதே முக்கியம். சமமான கோளங்களை நேருக்கு நேர் அடுக்கினால் வெற்றிடம் 47.6 சதவீதம், மிக நெருக்கி அடுக்கினால் 26. கோளத்தின் பருமன் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. திரவமோ வாயுவோ எவ்வளவு இலகுவாக ஊடுருவும் என்பதில்தான் மணியின் பருமன் பேசும். இரண்டையும் குழப்பினால் புள்ளி போகும்.

புதைந்த பிறகு இரண்டு விடயங்கள் துளைகளைத் தின்கின்றன: மேலுள்ள பாரத்தால் வரும் இறுக்கம், மணிகளுக்கிடையே வளர்ந்து அவற்றை ஒட்டவைக்கும் கனிமச் சீமெந்து. எது கூடத் தின்றது என்று கணக்கு வரும். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஓர் உதாரணம்: படியும்போது மணலில் 40 சதவீதம் வெற்றிடம். இப்போது மெல்லிய வெட்டில் (ஒளி ஊடுருவும்படி தேய்த்த பாறைச் சீவலில்) நுணுக்குக்காட்டியால் புள்ளி புள்ளியாக என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், நூற்றுக்கு மணிகள் 72, சீமெந்து 12, துளை 16. மணிகளுக்கிடையே மொத்தம் 28. பலரும் 40இலிருந்து 28ஐக் கழித்து, இறுக்கம் 12, சீமெந்து 12, இரண்டும் சமம் என்று முடித்துவிடுவார்கள். அது பிழை. இறுக்கத்தால் பாறையே சுருங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் 100 கன அளவில் மணிகள் 60. அதே 60தான் இன்று 72 சதவீதம் என்றால், பாறையின் இன்றைய கன அளவு 60ஐ 0.72ஆல் வகுக்க வருவது, 83.3. ஆக இறுக்கம் கொண்டுபோனது 16.7. சீமெந்து 83.3இன் 12 சதவீதம், அதாவது 10 மட்டுமே. சூத்திரம் மறந்தாலும் இந்த வழி மறக்காது. மணிகள் கரையவில்லை என்ற எடுகோளை ஒரு வரியில் எழுதுங்கள்; அதற்கும் புள்ளி உண்டு.

சீமெந்து வகைகளை வரிசையாக ஒப்புவிப்பதில் பெரிய பயனில்லை. எது எப்போது வந்தது என்று எழுதுங்கள். மணிகள் ஒன்றையொன்று புள்ளிகளில் மட்டும் தொட, இடையெல்லாம் கல்சைட்டு நிறைந்திருந்தால் அது இறுக்கத்துக்கு முன்னரே வந்தது. குவார்ட்ஸ் சீமெந்து பெரும்பாலும் 70, 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் வேகம் பிடிக்கும், ஆகவே ஆழத்தில். குளோரைட்டு என்ற களிக் கனிமம் குவார்ட்ஸ் மணிகளை மெல்லிய உறையாக முழுக்க மூடியிருந்தால் அந்த வளர்ச்சி தடைப்பட்டு, ஆழத்திலும் துளை தப்பும். பெல்ட்ஸ்பார் கனிம மணிகள் கரைந்தால் புதுத் துளையும் பிறக்கும். களி என்றாலே கெடுதல் என்று எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

2011இல் மன்னார்ப் படுகையில் வாயு கண்டதும் மணற்கல்லில்தான், உள்ளூர் உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். கடைசியாக, நுண்துளைமை நன்றாக இருந்தும் கிணற்றில் எண்ணெயோ வாயுவோ ஏன் ஓடி வரவில்லை என்று கேட்டால், நார்நாராகத் துளைக்குக் குறுக்கே வளரும் ‘இல்லைட்டு’ (illite) என்ற களிக் கனிமத்தை நினையுங்கள். துளையை அதிகம் அடைக்காமலே வழியை அடைத்துவிடும்.