சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்கள்: பழைய அபார்த் புன்டோ வாங்கிய அனுபவம்

போன வாரம்தான் வண்டி என் பெயருக்கு மாறியது. ஐந்து மாத அலைச்சல். பழைய ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான என்ஜின் போட்ட சின்ன கார், தேடி அலைகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் ஏமாந்த இடத்தில் அவர்களும் ஏமாறக் கூடாது என்று சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

நம் ஊரில் இந்த ரகத்தில் செகண்ட்ஹேண்டில் கிடைப்பது மூன்று நான்கு வண்டிகள்தான். போலோ ஜிடி டிஎஸ்ஐ நல்ல வண்டி, ஆனால் 1.2 லிட்டர் டர்போவோடு வருவது 7 ஸ்பீடு டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எனக்குக் கையால் கியர் போட்டே ஆகவேண்டும். பலேனோ ஆர்எஸ் ஓட்டிப் பார்த்தேன், மனசு ஒட்டவில்லை. 2015 அக்டோபரில் வந்த ஃபியட்டின் அபார்த் புன்டோ மேல்தான் அன்றிலிருந்து கண். 1.4 டி-ஜெட் டர்போ பெட்ரோல் என்ஜின், 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 5 கியர் மேனுவல். விற்றதே குறைவு என்பதால் நல்லது கிடைக்கக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து அலுத்துப்போய் அவசரப்பட்டதுதான் முதல் தவறு.

சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஒரு புரோக்கர், 2016 மாடல் வண்டி இருப்பதாகப் படங்கள் அனுப்பினார். "மூணு பேர் கேட்டுட்டு இருக்காங்க சார்" என்றதும் பார்க்காமலேயே 20,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினேன். கிளம்பும் முன்பே, நான் வந்து சேரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். காலை எட்டு மணிக்குப் போய் பானட்டில் கை வைத்தால் சுடுகிறது. கழுவுவதற்காக நகர்த்தினோம் என்றார்.

டர்போ வண்டியில் குளிர்ந்த என்ஜினை நம் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்ப்பதுதான் பாதிப் பரிசோதனை. டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் நீலப் புகை வருவது, ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம்) ஏறி இறங்குவது, முதல் சில நொடிகளில் வரும் கடகட சத்தம் எல்லாம் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். சூடான பிறகு நிறைய மறைந்துவிடும். பானட் சூடாக இருந்தால் அன்றைக்குப் பேச்சை நிறுத்திவிட்டு மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளை போன் ஆப்பில் காட்டும் ஓபிடி ஸ்கேனர் கையில் இருந்தது, அதைச் செருகினேன். ஒரு எரர் கோடுகூட இல்லை. ஆனால் அதே ஆப்பில் "கோடு அழித்தபின் ஓடிய தூரம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 6 கிலோமீட்டர் என்று காட்டியது. அதாவது நேற்றோ முந்தாநாளோ யாரோ உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்த வரியை முதலில் பாருங்கள்.

அப்புறம் கோவையில் இருக்கும் என் மெக்கானிக் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். வண்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னவர், "தம்பி, டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் வெளிய இழுங்க" என்றார். இழுத்தேன். நாம் தினமும் போடும் நீளம் வரை கருப்பாக, சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டே கிடக்கும் கடைசிப் பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. விரலால் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி மெல்லிய மண் ஒட்டிக்கொண்டது. சீட் தண்டவாளத்தில் துரு. கார்ப்பெட்டைத் தூக்கியதும் அந்த ஈர வாடை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் ஏறிய வண்டியை உள்ளே எல்லாம் கழுவி, பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். பெல்ட்டைக் காட்டிக் கேட்டதும் புரோக்கர் மழுப்பவில்லை, "விலையில கொறச்சுக்கலாம் சார்" என்றார்.

அந்த 20,000 ரூபாயில் பாதியைத்தான் திரும்ப வாங்க முடிந்தது, அதற்கும் மூன்று வாரம் ஆனது. பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் "வண்டி பிடிக்கவில்லை என்றால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்று வாட்ஸ்அப்பில் அவர் கையால் எழுதி வாங்கிவிட்டுக் கொடுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இதுபோன்ற வண்டிகள் வெளியூர்களுக்கு வந்தன. சென்னை வண்டி என்றால் பெல்ட்டை இழுக்காமல் விலை பேசாதீர்கள்.

இரண்டாவது வண்டி திருச்சியில் கிடைத்தது. 2016, ஒரே ஓனர், 61,000 கிலோமீட்டர். இந்த முறை அண்ணனைக் கையோடு அழைத்துப் போனேன். என்ஜின் சில்லென்று இருந்தது, புகை இல்லை, கண்ணாடிகள் எல்லாவற்றிலும் வருடக் குறி ஒத்துப்போனது, அதாவது எதையும் இடையில் மாற்றியதாகத் தெரியவில்லை. மூன்றாவது கியரில் 40 வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதித்தும் கிளட்ச் வழுக்கவில்லை. ஆர்பிஎம் (என்ஜின் சுற்றும் வேகம்) மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் செலவு நம் தலையில். இந்த மாதிரி வண்டியை வாங்கியவர்கள் பவரைக் கூட்ட டியூனிங் செய்யாமல் இருப்பது அபூர்வம், விற்கும்போது பழையபடி மாற்றிவிடுவார்கள். அதனால் அண்ணன் டர்போ பைப்களின் கிளாம்ப்பையும் சென்சார் பிளக் பக்கத்தில் கேபிள் டை தடத்தையும், கழற்றி மாட்டிய அடையாளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். கிரவுண்ட் கிளியரன்ஸ் 155 மில்லிமீட்டர்தான், நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்கள் எப்படி என்று தெரியும். அடியில் படுத்து, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் பார்த்தார். ஒரு உராய்வுதான், கசிவு இல்லை.

உதிரி பாகத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஃபியட்டின் 1.3 டீசல் என்ஜின் ஸ்விஃப்டிலும் இருந்ததால் அதற்குப் பிரச்சினை இல்லை. டி-ஜெட் பெட்ரோலுக்கு அந்த வசதி கிடையாது. கிளட்ச் செட்டும் சஸ்பென்ஷனில் வரும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே நான் திருச்சிக்குப் போனேன்.

பேரத்துக்குச் சிக்கியது டைமிங் பெல்ட், என்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட். கிலோமீட்டர் கம்மிதானே, இன்னும் மாற்றவில்லை என்றார் ஓனர். பெல்ட் ரப்பர், ஓடினாலும் நின்றாலும் அதற்கு வயசாகும், அறுந்தால் என்ஜினையே இறக்க வேண்டி வரலாம். சர்வீஸ் பில்களை வருட வாரியாக மேசையில் அடுக்கி, எதிலும் பெல்ட் இல்லை என்று காட்டினேன். 30,000 குறைத்தார்.

வண்டி நல்ல வண்டி. நான் கோட்டைவிட்டது காகிதத்தில். ஆர்சியில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது, என்ஓசியும் (வங்கி தரும் தடையில்லாக் கடிதம்) இருக்கிறது என்று ஓனர் எடுத்துக் காட்டினார், நானும் தலையாட்டிவிட்டேன். லீவு போட்டுத் திருச்சி போய், ஆர்டிஓ ஆபீஸில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு கவுன்டரில் இருந்தவர் அந்தக் கடிதத்தின் அடியில் விரல் வைத்தார். வழங்கிய தேதியிலிருந்து 90 நாள் மட்டுமே செல்லும் என்று பொடி எழுத்தில் இருந்தது. தேதியோ இரண்டு வருடம் பழசு. வேறு என்ன தேவை என்று கேட்டதற்கு "எல்லாம் வெளிய ஒட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே ஒட்டியிருந்த தாள் மழையில் நனைந்து பாதி கிழிந்திருந்தது.

வங்கியில் புது என்ஓசியும், ஆர்சியிலிருந்து வங்கிப் பெயரை நீக்கும் ஃபார்ம் 35-ம் வாங்க மூன்று வாரம். அடுத்து ஆன்லைனில் போட்டால் ஓடிபி ஓனரின் பழைய நம்பருக்குப் போனது. அது எப்போதோ கட்டாகிவிட்டது. நம்பரை மாற்ற இன்னொரு நடை. ஆக, பணம் கொடுக்கும் முன் ஆர்சியில் வங்கிப் பெயர் நீங்கியிருக்க வேண்டும், பதிவில் உள்ள மொபைல் நம்பர் ஓனர் கையில் இருக்க வேண்டும். நீங்காமல் விற்றால் ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். நான் 50,000 நிறுத்தி வைத்ததால்தான் ஓனர் என்னோடு சேர்ந்து ஓடினார். அதன் பிறகு பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் என்சிபி (கிளெய்ம் செய்யாததற்கான) தள்ளுபடி நமக்கு வராது, வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். அதையும் கணக்கில் வையுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே அண்ணன் டைமிங் பெல்ட்டை மாற்றினார். கழற்றியதை என் கையில் கொடுத்து, "பின்பக்கமா மடக்கிப் பாருங்க தம்பி" என்றார். மடக்கியதும் பல்லுக்குப் பல் நடுவே முடி மாதிரி விரிசல்கள் திறந்துகொண்டன. அதே பெல்ட்டோடுதான் நான் திருச்சியிலிருந்து ஓட்டி வந்திருந்தேன்.