கையெழுத்து வைக்க முந்தி

தபாலகக் கவுண்டரில் இருக்கிறேன். பொலிஸ் எழுதிக் கொடுத்த தண்டப்பணச் சீட்டோடு ஆட்கள் வராத நாளே இல்லை. காசைச் சீட்டுக்குள் மடித்து வைத்துத் தள்ளுவார்கள். "எதுக்கு எழுதினவை?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "மறிச்சவை, எழுதினவை, லைசன்சை வாங்கி வைச்சுக்கொண்டு இதைத் தந்தவை அக்கா" என்பார்கள். குற்றம் எழுதும் இடத்தில் கையெழுத்துச் சிங்களம். அவர்களுக்கு அது கோலம் மாதிரித்தான்.

பல வருஷமாக நானும் முத்திரை குத்தி, பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். போன ஆனி மாதம் ஒரு இரவு வரைக்கும்.

பத்து மணியிருக்கும், தம்பி போன் எடுத்தான். "அக்கா, பெடியனைப் பொலிஸ் ஏத்திக்கொண்டு போட்டுதாம்." அவன் மகனுக்கு இருபத்தொரு வயது, போன் திருத்துகிற கடையில் வேலை. கடை பூட்டிச் சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்திருக்கிறான். சந்தியில் மறித்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை ஓட்டினவனிடம் லைசன்ஸ் கையில் இல்லை. அது குற்றம்தான், சீட்டு எழுதலாம். மருமகனிடம் அடையாள அட்டை கேட்டார்கள், காட்டினான். கேட்டால் காட்டத்தான் வேண்டும். ஆனால் அவனையும் வாகனத்தில் ஏறச் சொன்னார்களாம். "நான் பின்னால இருந்தனான், என்னை ஏன் கூட்டிக்கொண்டு போறியள்?" என்று கேட்டிருக்கிறான். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி அவன் வாய்க்கொழுப்பு இல்லை. கைதுசெய்யப்படுகிறவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். மேசையில் ஒரு தாள். அரைப் பக்கத்துக்கு நீல மையில் சிங்களம், அதற்குக் கீழே வெறுமை. எழுதினவரின் உள்ளங்கை தாளின் மேல்பாதியை மூடியிருந்தது. மற்றக் கையால் பேனையை அவன் பக்கம் உருட்டிவிட்டு, "அத்சன் கரன்ன" என்றார். கையெழுத்து வை. அவன் பேனையை எடுத்துவிட்டான். என்னைக் கண்டதும், "மாமி, கையெழுத்து வைச்சா விடுவினமாம்" என்றான்.

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. பொலிஸ் நிலையம் என்பதால் மட்டும் இல்லை. 1997இல் ஒரு சுற்றிவளைப்பில் எங்கள் அப்பாவைக் கொண்டுபோய் இரண்டு இரவு வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அடிக்கவில்லை என்றுதான் சொன்னார். "ஒரு தாளிலை கையெழுத்து வைச்சனான்" என்றார். என்ன எழுதியிருந்தது என்று அம்மா கேட்டதற்கு, "சிங்களம்" என்றார். அதற்குப் பிறகு பதினேழு வருஷம் உயிரோடு இருந்தார். கொழும்புக்குப் போக வேண்டி வந்தால் முதல் நாள் நித்திரை கொள்ளமாட்டார். "அந்தத் தாளிலை என்ன எழுதியிருந்ததோ" என்பார். சாகக் கிடந்த கிழமையிலும் ஒருக்கால் கேட்டார்.

அரச சேவைக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி வேண்டும் என்பதால் சிங்களம் படித்தேன் என்றுதான் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியும், நான் அதற்காக மட்டும் படிக்கவில்லை என்று.

"கொஞ்சம் கையை எடுங்கோ சேர், வாசிச்சிட்டு வைப்பார்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். மூன்றாவது வரியில் இருந்தது: 'ராஜகாரியட்ட பாதா களா'. கடமைக்கு இடையூறு செய்தேன். மருமகனுக்குத் தமிழில் சொன்னேன். "நான் அப்பிடிச் சொல்லவே இல்லை மாமி, ஏன் எண்டுதானே கேட்டனான்" என்றான். பேனையை மேசையில் திருப்பி வைத்தான்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். அதன் 110ஆம் பிரிவின்படி, பொலிஸ் எழுதுகிற வாக்குமூலத்தைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக்காட்ட வேண்டும். அந்த மொழி விளங்காதென்றால் விளங்குகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அவர் திருத்தலாம், கூட்டிச் சொல்லலாம். கையெழுத்து அதற்குப் பிறகுதான். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, 1987இல் 13ஆம் திருத்தத்தோடு வந்தது. வடக்கில் நிருவாக மொழியே தமிழ். தமிழில் எழுதச் சொல்வது சலுகை கேட்பது இல்லை.

ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் இருத்தி வைத்தார்கள். பிறகு பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, மருமகன் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினார். ஆறு வரி. வாசித்துக்காட்டினார். அவன் கையெழுத்து வைத்தான். வீட்டுக்கு வரப் பன்னிரண்டரை.

இதில் எனக்கு வெற்றி என்று எதுவும் இல்லை. சிங்களம் வாசிக்கத் தெரிந்த மாமி எத்தனை பிள்ளைக்கு இருக்கிறாள்? எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் வராது. எல்லாம் தெரிந்தும் நாங்கள் போகவில்லை. "நாளைக்கும் அந்தச் சந்தியாலதானே வேலைக்குப் போக வேணும்" என்றான் தம்பி. மாதம் போய்விட்டது.

தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். 2016 ஒக்டோபர் 20 இரவு யாழ்ப்பாணத்துக் குளப்பிட்டிச் சந்தியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தபோது பொலிஸ் சூட்டில் செத்தார்கள். முதலில் விபத்து என்றார்கள், பிறகுதான் குண்டு பட்டது தெரிந்தது. ஐந்து பொலிஸ்காரர் கைதானார்கள். அதற்குப் பிறகு இங்கே எந்தத் தாயும் மகனுக்குச் சட்டம் சொல்லி அனுப்புவதில்லை. "மறிச்சா நில், வாய் காட்டாதை" என்றுதான் சொல்லி அனுப்புவாள். நில்லுங்கோ என்றுதான் நானும் சொல்வேன். கைகளைத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொண்டு, மரியாதையாக, ஆனால் கேளுங்கோ.

பொம்பிளைப் பிள்ளைகளைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு போனால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வரலாம், 2012இல் அதற்கு விதிகளே போட்டிருக்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கதை வேறு. சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் சான்றாக எடுக்காது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேலானவரோ பதிந்ததை எடுக்கலாம். விளங்காத மொழியில் கையெழுத்து வைத்துவிட்டு அதனாலேயே வருஷக்கணக்காக உள்ளே கிடந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அப்பா பயந்ததும் இதற்குத்தான்.

இப்போது கவுண்டரில் சீட்டு வந்தால் காசை எண்ண முந்தி வாசிக்கிறேன். வரிசை நீளுகிறது என்று பின்னால் முணுமுணுப்பார்கள். போன செவ்வாய்க்கிழமை சைக்கிள் கடை ஐயா ஒருவர் மோட்டார் சைக்கிளுக்கு எழுதின சீட்டோடு வந்தார்.

"திரும்பேக்கை சிக்னல் போடேல்லை எண்டு எழுதியிருக்கு ஐயா."

"நான் திரும்பவே இல்லையே பிள்ளை. நேர வந்தனான்."

"அப்ப கட்டாமல் விடலாம். வழக்குப் போடுவினம். நீதிமன்றத்திலை நீங்கள் இதைச் சொல்லலாம். இந்தச் சீட்டு 14 நாளைக்கு லைசன்ஸ் மாதிரி."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துவாரத்துக்குள் கையை விட்டுக் காசை எடுத்தார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எந்தத் தேதி எண்டு ஒருக்கால் தமிழிலை எழுதித் தா பிள்ளை" என்றார். எழுதிக் கொடுத்தேன்.