கேஸ் நிரப்பிய ரசீது எந்தக் கோப்பில் இருக்கிறது?

நடுத்தர நிறுவனங்களின் எரிசக்திக் கணக்கைப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. போய் உட்கார்ந்ததும் முதலில் மேசைக்கு வருவது வழவழப்பான தாளில் அச்சிட்ட சமூகப் பொறுப்பு அறிக்கை. மரக்கன்றுகள், ரத்ததான முகாம், பள்ளிக்கு மேசை நாற்காலி, நடுப்பக்கத்தில் மண்வெட்டியுடன் நிர்வாக இயக்குநர். இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. ஓராண்டு மின் கட்டண ரசீதுகள், எரிபொருள் வாங்கிய ரசீதுகள், குளிர்பதன இயந்திரங்களுக்குக் கேஸ் நிரப்பிய ரசீதுகள். முதல் இரண்டும் உடனே வந்துவிடும். மூன்றாவதைக் கேட்டால் கணக்குப் பிரிவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அது பெரும்பாலும் ‘பராமரிப்பு, இதர செலவு’ என்ற தலைப்பில், பல்பு மாற்றியதற்கும் பூட்டு வாங்கியதற்கும் நடுவே கிடக்கும். தொகை சிறியது என்பதால் யார் கண்ணிலும் படாது. குளிர்பதனக் கிடங்குகளில் பரவலாக இருந்துவந்த ஆர்-404ஏ என்ற வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் நான்காம் மதிப்பீட்டு அறிக்கை தரும் எண்களின்படி, அது நூறாண்டுக் காலத்தில் புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல 3,922 மடங்கு. இயந்திரம் கேஸைத் தின்பதில்லை. 10 கிலோ நிரப்ப வேண்டியிருந்தால், அந்த 10 கிலோவும் ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்டது. கார்பன் டை ஆக்சைடு கணக்கில் அது 39 டன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஆக, அந்த ஒற்றை ரசீது 14,000 லிட்டருக்கு மேல் டீசல் எரித்ததற்குச் சமம். அதே நிறுவனம் ஜெனரேட்டர் டீசலை மட்டும் தொட்டிக்குள் அளவுகோலை இறக்கி அளந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்.

இதில் என்னை எரிச்சலூட்டுவது சேவை ஒப்பந்தம். நிரப்பிய கிலோவுக்குப் பணம், கசிவைத் தேடிய நேரத்துக்குப் பணமில்லை என்றால் மெக்கானிக் எதைச் செய்வார்? சிலிண்டரைத் திறந்து நிரப்பிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கசிவைக் கண்டு அடைத்த பிறகே கேஸ் நிரப்ப வேண்டும், கசிவு தேடும் வேலைக்குத் தனியாகக் கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன். மான்ட்ரியல் உடன்படிக்கையில் 2016-இல் ஏற்கப்பட்ட கிகாலி திருத்தம் இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. அமோனியா, புரொபேன், ஏன் கார்பன் டை ஆக்சைடிலேயே ஓடும் இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் பழைய இயந்திரம் இன்னும் சில ஆண்டுகள் ஓடத்தான் போகிறது. அதுவரை அந்த இரண்டு வரிதான் மலிவான வைத்தியம்.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் பொதுவான சட்டகம், பசுமைக்குடில் வாயுக்களை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் ஜிஎச்ஜி புரோட்டோகால். முதல் பதிப்பு 2001-இல் வந்தது. நம் வளாகத்திலேயே எரிவதும் கசிவதும் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, நமக்குப் பொருள் தருபவர்களிடமும் நம் பொருளைப் பயன்படுத்துபவர்களிடமும் நடப்பவை ஸ்கோப் 3. பெயர்கள் பயமுறுத்தினாலும் முதல் இரண்டையும் கூட்ட ஒரு விரிதாளும் பொறுமையான ஒரு குமாஸ்தாவும் போதும்.

உணவு இடைவேளையில் தொழிற்கூடத்துக்குள் நடப்பது எனக்குப் பிடித்த வேலை. இயந்திரங்கள் நின்றிருக்கும், ஆனால் சுவரோரம் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் ஓயாது. அழுத்தக் காற்றுக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழ் குமிழாகப் பொங்கும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போதும். அதற்கு ஈடுகொடுக்க மட்டும் கம்ப்ரசர் 3 முதல் 4 கிலோவாட் வரை இழுக்கும். ஆண்டு முழுக்க அணைக்காமல் விட்டால் 25,000 யூனிட்டைத் தாண்டும். சரியாகக் கவனிக்காத இடங்களில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படிப் போவது சகஜம். ஒரு முறை பராமரிப்புப் பணியாளர் ஒருவர் என்னைக் கைபிடித்து அழைத்துப்போகாத குறையாக ஒவ்வொரு கசிவையும் காட்டினார். “எல்லாம் தெரியும் சார். வாஷர் வாங்கக் கையெழுத்துதான் கிடைப்பதில்லை” என்றார். சமூகப் பொறுப்புக் குழுவில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்டேன். அப்படி ஒரு குழு இருப்பதே அவருக்குத் தெரியாது.

மின்விசிறிகளும் பம்புகளும் அப்படித்தான். காற்று அதிகமாக வருகிறது என்று தடுப்பை மூடிவைத்து, மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டுவார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்துவதுபோல. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்விசிறி எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிப்பெருக்கில் மின்தேவை மாறும் என்பது பாடப்புத்தகப் பாடம். இதற்கு வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்று தேவை, அவ்வளவுதான்.

பசுமை மின்சாரச் சான்றிதழ் வாங்கி ஸ்கோப் 2-ஐப் பூஜ்யமாக்கிவிட்டோம் என்று சொல்பவர்களையும் பார்க்கிறேன். ஜிஎச்ஜி புரோட்டோகாலுக்கு 2015-இல் வந்த வழிகாட்டுதல் மின் உமிழ்வை இரண்டு விதமாகவும் காட்டச் சொல்கிறது. ஒன்று வாங்கிய ஒப்பந்தங்களின்படி, இன்னொன்று அந்தப் பகுதி மின்கட்டமைப்பின் சராசரிப்படி. அறிக்கையில் முதல் எண் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால், இரண்டாவதைத் தேடுவது என் வழக்கம்.

இப்போது இந்தச் சிறு நிறுவனங்களை உண்மையில் விரட்டுவது சட்டமல்ல, வாங்குபவரின் கேள்விப் பட்டியல். பெரிய நிறுவனத்தின் ஸ்கோப் 3-இல் ஒரு பகுதி, அவருக்குப் பொருள் தரும் சிறியவரின் ஸ்கோப் 1-ம் 2-ம்தான். எஃகு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புபவர்களுக்கு எல்லைக் கார்பன் வரி ஏற்பாடு 2023 அக்டோபரிலேயே அறிக்கை கேட்கத் தொடங்கிவிட்டது. மற்றவர்களுக்கு வருவது மின்னஞ்சலில் ஒரு நீண்ட படிவம், நான்கு நாள் கெடு. குறைப்பு இலக்கு என்ன, எந்த ஆண்டுக்குள், யார் சான்றளித்தது? நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அதே வாங்குபவரின் கொள்முதல் பிரிவு அதே வாரத்தில் விலையைக் குறைக்கச் சொல்லியிருக்கும், ஆர்டரோ ஓராண்டுக்குத்தான். முதலீடு திரும்பவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் கருவியை எந்த நம்பிக்கையில் வாங்குவது? படிவம் அனுப்புவதோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கும் பெரிய நிறுவனம், தன் உமிழ்வைச் சிறியவரின் தலையில் கட்டிவிட்டுப் பாராட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

நான் பார்த்த படிவங்களில் ஒன்றே ஒன்றில் கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: “இதைச் செய்ய எங்களிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?” அந்தப் படிவம் வந்து சேர்ந்த சிறு நிறுவனத்தின் பாய்லர் புகைபோக்கியில் 240 டிகிரி வெப்பம் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. புகையின் வெப்பம் 20 டிகிரி குறைந்தால் பாய்லரின் திறன் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். எக்கனமைசர் பொருத்தி, அந்த வெப்பத்தில் பாய்லருக்குள் போகும் நீரைச் சூடாக்கலாம் என்று நான் எழுதிக்கொடுத்த குறிப்பு இழுப்பறையில் கிடந்தது. உரிமையாளர் யோசித்துவிட்டு அந்தக் கட்டத்தில் “மூன்று ஆண்டு ஆர்டர்” என்று மட்டும் எழுதினார். பேரம் பேசி இரண்டரை ஆண்டுக்குக் கிடைத்தது. எக்கனமைசர் வந்துவிட்டது, புகை இப்போது 150 டிகிரியில் போகிறது.